ஏழாவது

ஞாயிற்றுக்கிழமை. லாங்கென்தாலில் இன்றைக்கு
போத்தல் எறியக் கூடாது, புல்லு வெட்டக் கூடாது.
பிளக் கழற்றக் கூடாதென்று
யாரும் எழுதி வைக்கவில்லை.
கைவேலைதானே, சத்தம் வராது என்று
அப்படித்தான் தொடங்கினேன்.

எங்கள் தரிப்பிடத்தைவிட அகலமான பிக்கப்.
எட்டு சிலிண்டர், பெற்றோல்.
விவசாயி குரோசன்பாக்கர் விற்றபோது
இருக்கைக்குள் வைக்கோல் தூசி இருந்தது,
இப்போது அதற்கு மேல் வெண்டிக்காய் வாசம்,
பேர்ண் போகும் வழியெல்லாம் ஒழுகிய
மீன்பெட்டி வாசம்.
மேடு ஏறினால் விக்கும்.
கராஜில் ஆயிரத்து எண்ணூறு பிராங் என்றார்கள்,
உடைந்தால் அதற்கு மேல் என்றும்,
உடையாமல் விடாது என்ற முகத்தோடு.

நகுலேசனுக்குத் தோளில் ஒப்பரேசன்.
வலக்கையை மார்போடு கட்டிக்கொண்டு
இரண்டாம் மாடி பல்கனியில் நின்று
வாயால் கழற்றுகிறார்:
"பலமா இழுக்காதை. கால் சுற்று. திருப்பி இறுக்கு.
எண்ணெய் விடு. பொறு."
பொறுத்தேன்.
பதினேழு வருசமாக இதைத்தான் சொல்கிறார்,
வேறு வேறு விசயங்களுக்கு.

முதலாவது முனகிக்கொண்டு வந்தது.
இரண்டாவதுக்கு அரை மணித்தியாலம்.
மூன்றாவதின் நுனியில் கரி,
கருகிய அப்பத்தின் விளிம்பு போல.
நாலு, அஞ்சு.
ஆறாவது கேட்டவுடன் வந்துவிட்டது.
அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஏழாவது
முன்கண்ணாடிக்கு அடியில், கண் எட்டாத குழியில்.
கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த
பல்லுக் கண்ணாடியை நீட்டிப் பார்த்தேன்.
(பழையது, விளிம்பு கீறியது. கேட்டுத்தான் எடுத்தேன்.)
கால் சுற்று. கிறீச்.
மூன்றாம் மாடியில் திரை விலகியது.
திருப்பி இறுக்கினேன். எண்ணெய். இருபது நிமிடம்.
மட்கார்டின் மேல் தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது.
கால் சுற்று. கிறீச்.
இன்னும் கொஞ்சம்.
பிறகு, காதுக்கு முன் கைக்குத் தெரிந்தது:
பிடி இல்லை.
இளகுகிற பிளக் கையோடு கூட வரும்.
இது கையை விட்டுவிட்டது.
ஸ்பானரோடு மேல்பாதி மட்டும் வந்தது,
வெள்ளைப் பீங்கான், முறிவு பால்போல் புதிதாக.

"என்ன?"
"ஒண்டுமில்லை."
"என்னப்பா?"
"வேர் உள்ளுக்கை நிக்குது."
விளங்கவில்லையோ, விளங்கித்தானோ,
கட்டில்லாத கையால் தலையைத் தடவினார்.
அதற்குப் பிறகு பல்கனியிலிருந்து
ஒரு சொல் வரவில்லை.

முறிந்த வேரை எனக்குத் தெரியும்.
பதினொரு வருசமாகப் பக்கத்தில் தட்டு நீட்டி நிற்கிறேன்.
டொக்டர் எஷ்லிமான் முதலில்
கையில் இருப்பதைக் கீழே வைப்பார்.
கையுறையைப் பார்ப்பார், யன்னலைப் பார்ப்பார்.
பிறகுதான் கதிரையில் கிடக்கும் ஆளிடம்
"நோகும்போது இடக்கையைத் தூக்குங்கோ" என்பார்.

நான் ஸ்பானரைக் கீழே வைத்தேன்.
யன்னல் இல்லை, மூன்றாம் மாடித் திரை இருந்தது,
அதைப் பார்த்தேன்.
அது மூடிக்கொண்டது.
பொனட்டுக்கு அடியில் இருப்பதற்குத்
தூக்கக் கை இல்லை.

குழிக்குள் எண்ணெய் விட்டு, துணி அடைத்து,
பொனட்டை மெதுவாக,
ஞாயிற்றுக்கிழமை அளவுக்கு மெதுவாகச் சாத்தினேன்.
நாளைக்கு அரிசி வராது என்று
ஒல்டன் கடைக்கும் பீல் கடைக்கும் செய்தி அனுப்பினேன்.
பீல் கடைக்காரர் ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.
நல்லது என்றா, பரவாயில்லை என்றா, தெரியாது.
சவர்க்காரம் போட்டும் நகக்கண் கறுப்புத்தான்.

திங்கள், மூன்றாவது நோயாளி, ஒரு தபால்காரர்.
கீழ்க்கடைவாய், முறிந்தது.
மேலங்கிப் பையில் பேனை தேடப் போன விரலில்
அந்தப் பீங்கான் பாதி தட்டுப்பட்டது.
எப்போது உள்ளே போட்டேன்?
தபால்காரர் இடக்கையைத் தூக்கினார்.
டொக்டர் நிறுத்தினார்.
பைக்குள் என் விரலும் நின்றது.
மூன்று பேரும் கொஞ்ச நேரம்
தண்ணீர் உறிஞ்சும் குழாயின் சத்தத்தைக் கேட்டோம்.

பிடுங்கும் கருவி புதன்கிழமை தபாலில் வரும்.
அவரே கொண்டுவரக்கூடும்,
வாய் வீங்கினபடி.

எட்டாவதை நான் இன்னும் தொடவில்லை.